குருக்கள் கோயிலின் ஊழியரா, இல்லையா? வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், அவசரம்

டர்பன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், குவாசுலு நாட்டாலில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு அம்மன் கோயிலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குருக்கள் ஒருவர் இருக்கிறார். நான்கு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். மனைவியோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் அங்கேதான் குடியிருக்கிறார். சமீபத்தில் கமிட்டி மாறியது. புதுக் கமிட்டி அவரைக் கூப்பிட்டு, "இதுவரை செய்த சேவைக்கு நன்றி, மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து கொடுங்கள்" என்று சொல்லிவிட்டது. காரணம் சொல்லவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை.

வேலைத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் ஆணையமான சிசிஎம்ஏவுக்குப் போகலாமே என்று நான் கேட்டேன். கமிட்டியில் ஒருவர், "அவர் ஊழியர் இல்லை, தெய்வப் பணி செய்பவர். பாதிரியாருக்கும் பூசாரிக்கும் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது" என்கிறார். இது உண்மையா? விசாவும் கோயில் பெயரில் இருப்பதால் குருக்கள் வாயைத் திறக்கவே பயப்படுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜோபர்க் செல்வி

டர்பன்வாசி அண்ணா, சட்ட விளக்கத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் தேதி. வேலையை விட்டு நீக்கியதாகச் சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் சிசிஎம்ஏவுக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தொழிலாளர் உறவுச் சட்டம், 1995ஆம் ஆண்டின் 66ஆம் எண் சட்டம், 191ஆம் பிரிவு. அந்த 30 நாள் தாண்டினால் தாமதத்துக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு, காரணம் காட்டி, அதை அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். "கமிட்டியோடு பேசிக்கொண்டிருந்தோம்" என்பது பலமான காரணம் ஆகாது. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், விண்ணப்பம் ஒரு பக்கம் போகட்டும். 7.11 என்ற படிவம், கட்டணம் கிடையாது. முதலில் ஒரு பிரதியைக் கோயிலுக்கு அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொண்டு, பிறகு சிசிஎம்ஏவில் தாக்கல் செய்ய வேண்டும்.

இரண்டாவது, வீடு. அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 1998ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் அதற்கான நடைமுறையைச் சொல்கிறது. அவர் ஊழியரா இல்லையா என்ற கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் இந்தப் பாதுகாப்பு அவருக்கு உண்டு. பூட்டை மாற்றினாலோ கரண்டை நிறுத்தினாலோ தவறு கமிட்டியுடையது. குருக்களிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்போது கதவு பூட்டியிருக்குமோ என்ற பயம்தான் மனுஷனைக் கண்ட காகிதத்தில் கையெழுத்துப் போட வைக்கும்.

மற்றதை இரவு எழுதுகிறேன்.

பீனிக்ஸ் முருகதாசன்

நான் ஒரு கோயில் கமிட்டியில் பல வருஷமாக இருப்பவன். மேலே சொன்ன கோயில் எங்களுடையது இல்லை. ஆனாலும் கமிட்டி என்றாலே கொடுமைக்காரர்கள் என்று பேசுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

இந்த நாட்டுக் கோயில்கள் அரசாங்கம் கட்டிக் கொடுத்தவை அல்ல. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே தகரக் கொட்டகை போட்டுக் கும்பிட்டார்கள். அது வளர்ந்து இன்றைக்குக் கோபுரமாக நிற்கிறது. மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் அம்பிலோவிலும் பார்த்தால் தெரியும். அந்தக் காலத்தில் பூசாரிக்குச் சம்பளம் ஏது? பகலில் ஆலையில் வேலை, சாயங்காலம் பூசை. எங்கள் தாத்தா தலைமுறையில் பூசை செய்தவர்கள் ஒரு பென்னி வாங்கவில்லை. இன்றும் எங்கள் கோயிலில் தலைவரிலிருந்து கூழ் காய்ச்சும் பெண்கள் வரை யாருக்கும் சம்பளம் இல்லை. புரட்டாசியில் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.

சாமி காரியத்தை முதலாளி, தொழிலாளி என்று பிரித்தால் நாளைக்குக் காவடிக்குப் பால்குடம் தூக்க வரும் பிள்ளைகளுக்கும் ஓவர்டைம் கேட்பார்களா? சர்ச்சுகளுக்குச் சட்டம் விலக்குக் கொடுக்கும்போது கோயிலுக்கு மட்டும் ஏன் கூடாது? வருத்தத்தோடுதான் கேட்கிறேன்.

சிவாசாரியார்_பிரிட்டோரியா

முருகதாசன் ஐயா, உங்கள் தாத்தா தலைமுறையை நான் கும்பிடுகிறேன். அவர்கள் தங்கள் கோயிலில் தாங்களே பூசை செய்தார்கள். வேண்டாம் என்று தோன்றினால் வீட்டுக்குப் போகலாம், வீடு அவர்களுடையது. எங்கள் நிலை அப்படியில்லை.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பிக் கிணற்றடி மாதிரி ஒரு குழாயடியில் குளித்து, ஐந்தரைக்குக் கோயில் திறக்க வேண்டும். திறப்பு என்னிடம் இல்லை, காவலாளியிடம் வாங்க வேண்டும். ஆபீஸ் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். எத்தனை மணிக்கு அபிஷேகம், எந்தக் குடும்பத்தின் உபயம், எத்தனை மணிக்கு நடை சாத்துவது, எல்லாம் செக்ரட்டரி எழுதியது. வீட்டுக் கிரகப்பிரவேசம், கருமாதி எதற்கும் நானாக ஒப்புக்கொள்ள முடியாது. பக்தர் ஆபீசில் பணம் கட்டி ரசீது வாங்குவார், என் கைபேசிக்கு முகவரி வரும். வேறு கோயிலில் கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்டால் கமிட்டியிடம் அனுமதி கேட்க வேண்டும். போன முறை தகப்பனாரின் திவசத்துக்கு ஊருக்குப் போகக் கேட்டேன். தைப்பூசம் முடியட்டும் என்றார்கள். திதி அதற்கு முன்னாலேயே வந்து போய்விட்டது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு இந்தக் கோயில் நல்ல கோயில்தான். ஆனால் நேரம் சொல்வது, லீவு கொடுப்பது, சம்பளம் போடுவது எல்லாம் ஒருவர். நீக்க வேண்டும் என்று வரும்போது மட்டும் "நீங்கள் அம்பாளின் ஊழியர், எங்கள் ஊழியர் இல்லை" என்றால் நாங்கள் யாரிடம் போய்க் கதைப்பது?

ஜோபர்க் செல்வி

குருக்கள் ஐயா எழுதியதில் வழக்குக்கு வேண்டிய சாட்சியம் முழுக்க இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 213ஆம் பிரிவு ஊழியர் என்பதற்கு விளக்கம் தருகிறது. சுயேச்சையான ஒப்பந்தக்காரரைத் தவிர, இன்னொருவருக்காக வேலை செய்து ஊதியம் பெறும் எவரும் ஊழியர். மத போதகர் நீங்கலாக என்று அதில் எங்கும் இல்லை. தேசியப் பாதுகாப்புப் படை, உளவுத் துறை போன்ற சிலரைச் சட்டம் பெயர் சொல்லி விலக்குகிறது. அந்தப் பட்டியலில் குருக்களும் இல்லை, பாஸ்டரும் இல்லை, இமாமும் இல்லை. ஆகவே முருகதாசன் அண்ணா, சர்ச்சுக்குச் சட்டம் விலக்குக் கொடுத்தது என்பது சரியில்லை. சில வழக்குகளில் நீதிமன்றம் சில போதகர்களை ஊழியர் அல்ல என்று சொன்னது. இரண்டும் வேறு வேறு.

கமிட்டிக்காரர் சொல்லும் வழக்கு 2001இல் வந்த ஆங்கிலிக்கன் சபை வழக்கு. கேப்டவுன் மறைமாவட்டத்துப் பாதிரியார் ஒருவர் சிசிஎம்ஏவுக்குப் போனார். சிசிஎம்ஏ அவரை ஊழியர் என்றது. தொழிலாளர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒரு ஒப்பந்தத்தில் இறங்கும் எண்ணம் சபைக்கும் பாதிரியாருக்கும் இருக்கவில்லை, ஒப்பந்தமே இல்லாத இடத்தில் வேலை உறவும் இல்லை என்பது காரணம். 2004இல் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் அதிகாரிகள் விஷயத்திலும் அதே வழியில்தான் தீர்ப்பு வந்தது. அங்கே சேரும்போதே, இது ஆன்மிக உறவு, வேலை உறவு அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சேருகிறார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, 1999இல், வில்கெஸ்ப்ரூட் டச்சு சீர்திருத்தச் சபையின் போதகர் ஒருவர் வழக்கில் அதே தொழிலாளர் நீதிமன்றம் அவரை ஊழியராகவே எடுத்துக்கொண்டு, நீக்கியது நியாயமில்லை என்றது. கோர்ட்டே சொல்லிவிட்டது என்றால் எந்தக் கோர்ட், எந்தச் சபை, எந்தக் காகிதம் என்று கேட்க வேண்டும்.

2001க்குப் பிறகு சட்டமும் மாறியது. 2002இல் 200ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஏழு அடையாளங்கள் சொல்கிறது. வேலை செய்யும் விதம் இன்னொருவர் கட்டுப்பாட்டில் இருப்பது, நேரம் இன்னொருவர் சொல்வது, அந்த நிறுவனத்தின் அங்கமாக இருப்பது, கடைசி மூன்று மாதத்தில் சராசரியாக மாதம் 40 மணி நேரமாவது உழைத்திருப்பது, பிழைப்புக்கு அவரையே நம்பியிருப்பது, வேலைக்கான கருவிகளை அவர் கொடுப்பது, அவர் ஒருவருக்கு மட்டுமே வேலை செய்வது. இதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஊழியர் என்று அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது மறுபக்கத்தின் பொறுப்பு. சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு, 2024 ஏப்ரலில் அது வருஷத்துக்கு 2,54,371 ராண்டாக இருந்தது. எந்தக் கோயில் குருக்களும் அதைத் தாண்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சிவாசாரியார் ஐயா எழுதியதில் இந்த ஏழில் பெரும்பாலானவை இருக்கின்றன.

இன்னொன்று. செல்லத்தக்க ஒப்பந்தம் இல்லை என்பதாலேயே பாதுகாப்பு இல்லாமல் போகாது என்று 2008இல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கில் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஊழியர் வெளிநாட்டவர், அவருக்குச் செல்லுபடியாகும் வேலை அனுமதி இல்லை. அப்படியிருந்தும் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிராக அவர் வரலாம் என்றது. விசா பயத்தில் வாய் திறக்காத குருக்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள். விசா முடிந்தால் குடியேற்றச் சட்டப்படி சிக்கல் வரும், அதை நான் மறைக்கவில்லை. அதனால் அவருடைய உழைப்பு ஒன்றுமில்லாமல் போய்விடாது.

வழக்கு கட்டாயம் ஜெயிக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஆங்கிலிக்கன் தீர்ப்பைக் கோயில் வக்கீல் முதல் நாளே மேசையில் வைப்பார். அதற்கு நம் பதில், அந்தச் சபைக்குச் சொந்தமாக ஒரு சட்டத் தொகுப்பு இருக்கிறது, விசாரணை மன்றம் இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது என்பது. அந்தப் பாதிரியார் சிசிஎம்ஏவில் தோற்றாலும் போய்ச் சொல்ல அவருக்கு ஒரு வாசல் இருந்தது. நம் கோயில்களின் அமைப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள். பொதுக்குழு எப்போது, பொருளாளர் யார், காசோலையில் எத்தனை கையெழுத்து என்று இருக்கும். குருக்களை எப்படி நியமிப்பது, குற்றச்சாட்டு வந்தால் யார் விசாரிப்பது என்று ஒரு வரிகூட இல்லாத விதிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சபைச் சட்டமும் கிடையாது, நாட்டுச் சட்டமும் கிடையாது என்றால் அந்த மனிதர் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறார்? "எல்லோருக்கும் நியாயமான தொழில் நடைமுறைக்கு உரிமை உண்டு" என்கிறது சாசனத்தின் 23ஆம் பிரிவு. எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான்.

மதுரைக்காரன்

செல்வி, அருமையாக விளக்கினீர்கள். நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் சேர்க்கிறேன். தெய்வப் பணி என்பதால் அர்ச்சகர் யாருக்கும் ஊழியர் இல்லை என்ற வாதம் தமிழ்நாட்டிலேயே எடுபடவில்லை. 1971இல் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கித் தமிழ்நாட்டு அரசு சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்துப் போன சேஷம்மாள் வழக்கில் 1972இல் இந்திய உச்ச நீதிமன்றம், அர்ச்சகர் பூசை செய்வது மதச் செயல், ஆனால் அவரை நியமிப்பது உலகியல் செயல் என்று பிரித்துச் சொன்னது. அர்ச்சகர் கோயிலின் பணியாளர், அறங்காவலரின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர் என்றும் சொன்னது. 2021இல் எல்லாச் சாதியிலிருந்தும் அர்ச்சகர்களை நியமித்ததற்கும் அடிப்படை இந்தப் பிரிவினைதான்.

இந்தியத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் எங்கள் மரபு வேறு, எங்கள் ஆகமம் வேறு என்று கமிட்டி வாதாடினால், அந்த மரபு பிறந்த ஊரிலேயே நிலைமை இது என்று காட்டலாம் அல்லவா?

எஸ்தர்_சாட்ஸ்வொர்த்

கோயில் விஷயத்தில் கிறிஸ்தவப் பெண் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். என் அப்பா சுவிசேஷ சபை ஒன்றில் போதகராக இருந்தார். சபையின் பெயர் வேண்டாம், அதில் இன்னும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு மாதம் ஒரு "அன்புக் காணிக்கை" வரும். தொகை எவ்வளவு என்று எழுதின காகிதம் கிடையாது. ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும், மூப்பர்கள் மனசைப் பொறுத்தது. யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பிடித்தது இல்லை, ஓய்வூதியம் இல்லை. சிறுநீரகம் கெட்டு அவரால் பிரசங்கம் செய்ய முடியாமல் போனபோது ஒரு விசேஷ ஆராதனை வைத்து, சால்வை போட்டு, ஜெபம் பண்ணி அனுப்பினார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. குடியிருந்த வீடு சபையுடையது. அம்மா தையல் மெஷினை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனாள்.

கேட்கலாமே என்று அக்கா சொன்னபோது அப்பா, "கர்த்தருக்குச் செய்ததற்குக் கூலி கேட்பேனா" என்றார். அவர் விசுவாசம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். அந்த விசுவாசத்தைச் சாக்காக வைத்துத்தான் மூப்பர்கள் தப்பித்தார்கள். யூஐஎஃப் என்பது ஊழியர் பக்கம் ஒரு சதவீதம், வேலை கொடுப்பவர் பக்கம் ஒரு சதவீதம். அதை ஒழுங்காகக் கட்டியிருந்தால் நோயில் விழுந்த அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்.

முருகதாசன் அங்கிள், பால்குடம் தூக்கும் பிள்ளைகளையும் என் அப்பாவையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது.

பீனிக்ஸ் முருகதாசன்

எஸ்தர், படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அப்பாவுக்கு நேர்ந்தது அநியாயம் அம்மா.

ஆனாலும் பணத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். சின்னக் கோயில், உண்டியலும் வெள்ளிக்கிழமை அர்ச்சனையும்தான் வரும்படி. குருக்களுக்கு மாதம் 4,000 ராண்ட், வீடு, தண்ணீர், கரண்ட், மடப்பள்ளியில் சாப்பாடு. தட்டில் விழும் தட்சணை அவருக்கே. எல்லாம் சேர்த்தால் நல்ல வருமானம்தான். இதற்குமேல் சட்டப்படி என்ன கொடுக்க வேண்டும்? செல்வி சொல்லட்டும். தொண்டர்களின் நிலையையும் தெளிவாகச் சொல்லுங்கள், அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜோபர்க் செல்வி

தொண்டர்கள் பற்றிக் கவலையே வேண்டாம் அண்ணா. தரும காரியம் செய்யும் அமைப்பில் ஊதியமில்லாமல் வேலை செய்பவர்களை 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் 3ஆம் பிரிவிலேயே விலக்கிவிட்டது. குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் தொண்டர்களைத் தொடாது. கூழ் காய்ச்சுபவர்கள், காவடிக்கு வருபவர்கள், கமிட்டியில் இருப்பவர்கள் யாருக்கும் இந்தச் சட்டத்தால் தொல்லை இல்லை. ஊதியம் வாங்காதவர் என்பதுதான் எல்லைக்கோடு.

4,000 ராண்ட் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. அவர் ஊழியர் என்றால் 2018ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும். 2019 ஜனவரியில் மணிக்கு 20 ராண்டில் தொடங்கியது, 2025 மார்ச்சில் 28.79 ஆனது. வாரம் 45 மணி நேரம் என்று வைத்தால் மாதத்துக்கு 195 மணி நேரம், ஏறத்தாழ 5,600 ராண்ட். வீடு, சாப்பாடு, அன்பளிப்பு எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. தட்டில் விழும் தட்சணையைப் பக்தர் மனமுவந்து கொடுக்கிறார், கோயில் கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் 4,000 வெறும் 4,000தான்.

அண்ணா, இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கோயிலில் குருக்கள் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்று கணக்குப் பாருங்கள். காலை ஐந்தரை முதல் பத்து, மாலை ஐந்து முதல் எட்டரை என்றால் வாரம் ஏழு நாளைக்கு 56 மணி நேரம். 45க்கு மேல் ஓவர்டைம், அதுவும் வாரம் 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை தொடர்ச்சியாக 36 மணி நேர ஓய்வு வேண்டும். வருஷத்துக்கு 21 நாள் லீவு. காலை நடையை எளிமையாக்கி, வாரத்தில் ஒரு நாள் உள்ளூர்ப் பண்டாரம் ஒருவரைப் பூசைக்கு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல கோயில்களில் ஏற்கெனவே இப்படித்தான் நடக்கிறது.

நெறியாளர்

தனிமடலில் சிலர் கோயிலின் பெயரைக் கேட்கிறார்கள். இழையில் யாரும் பெயரையோ இடத்தையோ போட வேண்டாம். விஷயம் சிசிஎம்ஏவுக்குப் போகும் நிலையில் இருக்கிறது, குருக்களின் மகள் படிக்கும் பள்ளியில் கமிட்டிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

மதுரைக்காரன்

ஒரு சந்தேகம். குருக்கள் ஆகமத்தை மீறிப் பூசை செய்கிறார், அல்லது அந்தக் கோயிலின் நம்பிக்கைக்கே எதிராக நடக்கிறார் என்று வையுங்கள். அப்போதும் சிசிஎம்ஏ ஆணையர் உட்கார்ந்து, அவரைத் திரும்ப வேலைக்கு எடு என்று உத்தரவு போட முடியுமா? அது கோயிலின் மத உரிமையில் தலையிடுவது ஆகாதா? இந்த இடத்தில் எனக்குக் கமிட்டிக்காரர்கள் பக்கமும் நியாயம் தெரிகிறது.

ஜோபர்க் செல்வி

நல்ல கேள்வி. நீதிமன்றங்களும் இந்த இடத்தில் மிகவும் தயங்குகின்றன. மெதடிஸ்ட் சபையின் பெண் போதகர் டி லாங்கே, தன் இணையரான பெண்ணைத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக 2009 டிசம்பரில் சபையிடம் அறிவித்தார். சபை நடவடிக்கை எடுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாம் தாண்டி 2015 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றத்தில் முடிந்தது. சபை விதிப்படி நடுவர் தீர்ப்புக்கு அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், முதலில் அந்த வழியில்தான் போக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கோட்பாட்டுச் சண்டைக்குள் நுழைய நீதிபதிகளுக்கு விருப்பமில்லை. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. எந்த மந்திரம் சரி என்று ஆணையர் சொல்லக் கூடாது.

இந்த வழக்கில் அப்படி ஒரு சண்டையே இல்லை. ஆகமக் குற்றம் எதையும் யாரும் சொல்லவில்லை. கமிட்டி மாறியது, ஆள் மாறினார், அவ்வளவுதான். குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்டு, பிறகு முடிவெடு என்று கேட்பதில் எந்தச் சாமிக்கும் குறைவு வராது. அப்புறம், திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சேர்ந்து வேலை செய்வது தாங்க முடியாத நிலைக்குப் போய்விட்டால் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 193ஆம் பிரிவுப்படி இழப்பீடு மட்டும் கொடுக்கச் சொல்லலாம். சாதாரண வழக்கில் அதன் உச்சம் 12 மாதச் சம்பளம்.

டர்பன்வாசி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

குருக்களும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையில் இருந்த காகிதங்களை மேசையில் பரப்பினோம். நியமனக் கடிதம் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் "சாலரி" என்று குறிப்புப் போட்டுப் பணம் வந்திருக்கிறது. விசாவுக்காகத் தூதரகத்துக்கு முந்தைய செக்ரட்டரி எழுதிய கடிதத்தின் நகல் கிடைத்தது. அதில் "எங்கள் கோயிலில் முழுநேரப் பணியில் அமர்த்துகிறோம், மாதச் சம்பளமும் குடியிருப்பும் தருகிறோம்" என்று தலைவர் கையெழுத்தோடு இருக்கிறது. அதைப் படித்ததும் குருக்களின் மனைவி அழுதுவிட்டார். இத்தனை நாளும் அது பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே இருந்திருக்கிறது. வாட்ஸாப் குழுவில் செக்ரட்டரி போட்ட நேர உத்தரவுகளையும் படம் பிடித்து வைத்துவிட்டோம்.

7.11 படிவத்தைக் கோயில் மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஆபீசில் நேராகவும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். சிசிஎம்ஏவிலும் தாக்கல் ஆகிவிட்டது. கமிட்டியிடமிருந்து வக்கீல் கடிதம் வந்திருக்கிறது, அதில் ஆங்கிலிக்கன் வழக்குத்தான் முதல் வரி. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சமரசப் பேச்சுக்கு என்ன கொண்டுபோக வேண்டும்? குருக்களுக்கு இங்கிலீஷ் தடுமாறும்.

ஜோபர்க் செல்வி

அந்தத் தூதரகக் கடிதம் போதும் அண்ணா, வழக்கின் உயிரே அதுதான். ஒப்பந்தம் செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்று சொல்பவர்கள், முழுநேர வேலை, மாதச் சம்பளம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூலத்தைக் கொடுக்காதீர்கள், நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்தில் கேட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் இன்றைக்கே எழுதுங்கள். சமரசக் கூட்டத்தில் பேசுவதை யாரும் பின்னால் சாட்சியமாகக் காட்ட முடியாது, அதனால் குருக்கள் மனம்விட்டுப் பேசலாம். சமரசம் முறிந்தால் சான்றிதழ் கொடுப்பார்கள், அதிலிருந்து 90 நாளுக்குள் நடுவர் விசாரணை கேட்க வேண்டும். அவர் ஊழியரா இல்லையா என்ற வாதத்துக்கு ஆணையர் முடிவு சொல்லாமல் விஷயம் நகராது, ஆகவே அன்று முடியவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம்.

கமிட்டி பணம் கொடுத்து முடிக்க முன்வந்தால் நான்கு வார நோட்டீஸ் சம்பளம், எடுக்காத லீவுக்குப் பணம், அடுத்த இடம் கிடைக்கும் வரை வீடு, விசா மாற்றத்துக்கு ஒரு கடிதம் என நாலையும் சேர்த்துக் கேளுங்கள். பள்ளி ஆண்டு டிசம்பரில் முடிகிறது. மகளுக்காக அதுவரை வீடு கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

பீனிக்ஸ் முருகதாசன்

நேற்று எங்கள் கமிட்டிக் கூட்டத்தில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். சண்டை வந்தது. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள், எங்கள் குருக்களுக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். சம்பளத்தை ஏற்றுவதற்கு மார்ச் வரை அவகாசம் கேட்டிருக்கிறார் பொருளாளர். செல்வி, அந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஜோபர்க் செல்வி

அண்ணா, அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 29ஆம் பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரண்டு தரப்பின் முழுப் பெயரும் முகவரியும், வேலையின் விவரம், தொடங்கிய தேதி, வேலை நேரமும் நாளும், சம்பளம், வீடு கொடுப்பதானால் அதன் விவரம், லீவு, நோட்டீஸ் காலம். வெளிக் கோயிலுக்கும் வீட்டுச் சடங்குக்கும் போனால் தட்சணை யாருக்கு என்று தெளிவாக எழுதிவிடுங்கள், சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். குற்றச்சாட்டு வந்தால் யார் விசாரிப்பார் என்று எழுதும்போது, கமிட்டிக்கு வெளியே ஆகமம் தெரிந்த ஒருவரையும் சேருங்கள். பாஸ்போர்ட் குருக்களிடமே இருக்கும் என்றும் ஒரு வரி.

மார்ச் வரை அவகாசம் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுக்க யாரும் ஒருவருக்கொருவர் சம்மதித்துக்கொள்ள முடியாது, குருக்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. இந்த மாதமே நேரத்தைக் குறைத்துவிட்டு, உண்மையில் வேலை செய்யும் மணிக்குச் சம்பளத்தைப் போடுங்கள். வரைவை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.